ஐம்பது அங்குலம்

வெர்ன் டோலஃப்சனின் முற்றத்தில்
நாலு வண்டிகள் உறைபனி போர்த்து நிற்கின்றன.
என் தம்பி டெல்பர்ட்
ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்க்கிறான்,
உதைத்தால் உண்மையைக் கக்கிவிடும் என்பதுபோல.
என் கையில் அளவு நாடா.

பழைய ஜீப் ஒன்று.
பாறை ஏறும், ஆறு கடக்கும் என்றார் வெர்ன்.
கடன் ஏறுவது பற்றி மூச்சு விடவில்லை.
கதவைச் சாத்திப் பார்த்தேன்.
வேலியில் இருந்த காகங்கள் மொத்தமாக எழுந்து பறந்தன.
வேண்டாம்.
லெம்ஹை மலையில் விடியற்காலை
இந்தக் கதவு ஒருமுறை சாத்தினால்
அடுத்த பள்ளத்தாக்கு எல்க் கூட்டம்
அதற்கும் அடுத்ததில் இருக்கும்.

மின்சார வண்டிக்குச் சத்தமே இல்லை.
ஓட்டிக் காட்டினார், நாய்கூடத் தலை தூக்கவில்லை.
ஆசைதான்.
மைனஸ் பதினெட்டில் பாட்டரிக்கும் எனக்கும் ஒரே குணம்,
மத்தியானத்தோடு போதும் என்று படுத்துவிடுவோம்.

அகலமானதில் டெல்பர்ட் ஏற்கெனவே ஏறிவிட்டான்.
இருவர் அருகருகே உட்காரலாம்.
கூரை உண்டு, காலுக்குச் சூடு உண்டு,
காபிக் கோப்பை வைக்க நாலு குழி.
இடுப்பெலும்பு மாற்றிய பிறகு
அவன் உட்கார்ந்த இடம்
அவனைச் சுலபத்தில் திருப்பித் தருவதில்லை.
"இதுதான்" என்றான்.
நாடாவை நீட்டினேன்.
அறுபத்து நான்கு.

பேட்ஜர் ஓடைப் பாதையின் வாசலில்
வனத்துறை நட்ட இரண்டு இரும்புக் கம்பங்கள்.
நடுவே ஐம்பது அங்குலம்.
இருபத்திரண்டு வருடம் அந்த இடைவெளியில்
முதுகுப் பையோடு நுழைந்தோம் இருவரும்,
அவன் முன்னால், நான் பின்னால்,
பேச்சு கிடையாது.
போன வருடம் பாய்சியிலிருந்து வந்த யாரோ
பெரிய வண்டியோடு கம்பத்திடம் வாதாடி
ஒரு கதவை அங்கேயே விட்டுப் போனார்.

கடைசியில் நின்றது பச்சை நிறம்.
ஒற்றை ஆள் வண்டி. நாற்பத்தெட்டு அங்குலம்.
இருக்கைக் கிழிசலை
எவனோ தூண்டில் நரம்பால் தைத்திருந்தான்.
தையல் நேராக இருந்தது, அது பிடித்தது.
பின்தட்டில் ஏறிச் சுருண்டு படுத்தேன்.
வெர்ன் மரியாதையாக மேகத்தைப் பார்த்தார்.
ஒரு பின்னந்தொடை, ஒரு முன்னந்தொடை,
இடுக்கில் ஈரல். ஒரு நடைக்குப் போதும்.

"இதில் நான் எங்கே உட்கார்வது?"

யாரும் பதில் சொல்லவில்லை.
கேள்வி முற்றத்தில் நின்றது,
ஐந்தாவது வண்டியாக.

பிறகு அவனே இறங்கினான்,
இரண்டு கையாலும் கூரைக் கம்பியைப் பிடித்து,
முதலில் நல்ல கால், அப்புறம் இரும்புக் கால்.
பச்சை வண்டியின் மூக்கருகே குனிந்தான்.
"வின்ச் எங்கே?"
நாலு துளைகள்தான் இருந்தன.
"முந்நூறு தனி" என்றார் வெர்ன்.
யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரமா,
நான் வாய் திறப்பதற்குள்
டெல்பர்ட் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தான்,
எச்சில் தொட்டு, மெதுவாக.
"தனியாகப் போகிறவளை
இழுத்துவிட ஏதாவது இருக்கணும்."

அக்டோபர் ஒன்பது.
எல்க் விழுந்தது
எந்த வண்டியும் எட்டிப் பார்க்காத பள்ளத்தில்.
கரடிக்கு முன் வெட்டி முடிக்க வேண்டும்.
ஐந்து நடை, என் முதுகில்.
மூன்றாவதில் அழுதேன், நான்காவதில் அதற்கும் மூச்சில்லை.
மேலே பாறை விளிம்பில்
பச்சை வண்டி சும்மா நின்றது,
அளந்து வாங்கிய பொருட்களுக்கே உரிய பொறுமையோடு.

இரண்டாம் சுமை கொண்டு வரும்போது இருட்டிவிட்டது.
இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் விட்டு
கம்பங்களுக்கு நடுவே வழுக்கி வந்தேன்.
வெளியே டெல்பர்டின் டிரக், விளக்கெரிய.
எத்தனை மணியிலிருந்து நிற்கிறான் என்று
எஞ்சின் மூடியின் மேல் படிந்த பனி சொன்னது.

இறைச்சியைத் தொட்டுப் பார்த்தான்,
குளிர்ந்திருக்கிறதா என்று.
"வின்ச் உதவியதா?"
"உதவியது."

கம்பி உருளையில்
வெர்ன் கட்டிய மஞ்சள் நாடா
இன்னும் அவிழாமல் இருந்தது.
டார்ச் அவன் கையில்தான் இருந்தது.
அந்தப் பக்கம் அவன் திருப்பவில்லை.